எல்லாவற்றுக்கும் ஒரே ‘வில்’லா?

போன இதழில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ‘எதிர்காலம் என்று வில் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், மாணவர் கையில் வில் இருக்கும், அம்பு இருக்காது’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழை நிரப்பிவிடும் போலிருக்கிறது. பாதி கேள்வி, பாதி கோபம். இரண்டையும் கலந்தே எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில வாக்கியங்களை வாயில் வருகிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். ‘ஐ வில்’ பேச்சில் சுருங்கி ‘ஐல்’ ஆகும்; ‘ஐ ஆம்’ சுருங்கி ‘ஐம்’ ஆகும். சத்தமாகப் படித்தால் பிடிபட்டுவிடும்.

எதிர்காலம் என்றால் வில், ஷல். நாங்கள் அப்படித்தான் படித்தோம். எங்கள் ஆங்கிலம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தெளிவாக இருப்பதை ஏன் குழப்புகிறீர்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

கெடவில்லை ஐயா. நானும் அப்படித்தான் படித்தேன். வேலைக்கு வந்த பிறகு பத்து வருடம் அப்படித்தான் சொல்லியும் கொடுத்தேன். என்னுடையது மாலை வகுப்பு. பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிற பெரியவர்கள்தான் மாணவர்கள். கரும்பலகையில் நான்கு கட்டம் போடுவேன்: சிம்பிள், கன்டினியுவஸ், பர்ஃபெக்ட், பர்ஃபெக்ட் கன்டினியுவஸ். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வில். பார்க்க அழகாக இருக்கும்.

ஒரு நாள் நான்கு கட்டத்தையும் முடித்து, எல்லோரையும் ஒப்பிக்கவும் வைத்துவிட்டுத் திரும்பினேன். முழங்கை பட்டு மேசையிலிருந்த டஸ்டர் கீழே விழுந்தது. முன்வரிசையில் ஐம்பதை நெருங்குகிற ஒருவர் இருந்தார். சட்டென்று எழுந்து குனிந்தபடியே, “சார், ஐ டேக்” என்றார். எடுத்து, ஒரு தட்டுத் தட்டி, என் கையில் கொடுத்தார். சுண்ணாம்புத் தூள் என் சட்டையெல்லாம். முக்கால் மணி நேரம் எதிர்காலம் படித்த மனிதர் அவர். அந்த எதிர்காலம் காலடியிலேயே வந்து விழுந்தபோது, அதற்கு அவரிடம் ஒரு வாக்கியம் இல்லை.

அவர் மனத்தில் ஓடியது ‘நான் எடுக்கிறேன்’. பழுதே இல்லாத தமிழ். அந்த நொடியில் தோன்றுகிற உதவியை நாம் நிகழ்காலத்தில்தான் சொல்வோம். ‘கதவை நான் திறக்கிறேன்’, ‘நாளைக்குச் சொல்கிறேன்’, ‘அப்புறம் பேசுகிறேன்’. ஆங்கிலம் அதே இடத்தில் ‘ஐல் கெட் இட்’ என்று வில்லை எடுக்கிறது. என் நான்கு கட்டத்தில் இதற்கு இடமே இல்லை. வினைச்சொல் எப்படி உருமாறுகிறது என்று அந்தக் கட்டங்கள் சொல்லின. எதற்காக அந்த உருவத்தை எடுக்க வேண்டும் என்று ஒரு கட்டமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன்: ‘இதை எப்போது முடிவு செய்தீர்கள்?’

பல்வலிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ‘டாக்டரைப் பார்க்கக் கூடாதா?’ என்று நண்பர் கேட்கிறார். அதுவரை இவருக்கு அந்த எண்ணமே இல்லை, இப்போதுதான் வருகிறது. ‘ஐல் ரிங் த டென்டிஸ்ட்.’ அரை மணி நேரம் கழித்து மனைவி கேட்கிறார். முடிவு இப்போது பழசாகிவிட்டது, மனத்தில் உட்கார்ந்திருக்கிறது. ‘ஐம் கோயிங் டு ரிங் த டென்டிஸ்ட்.’ போன் போட்டு, நேரமும் வாங்கியாகிவிட்டது. இனி அது இவர் மனத்தில் மட்டும் இல்லை, அங்கே ஒரு நோட்டிலும் இருக்கிறது. ‘ஐம் சீயிங் த டென்டிஸ்ட் அட் ஃபைவ்.’ ஆறு மணிக்கு அங்கே பூட்டிவிடுவார்கள். அதை இவர் முடிவு செய்யவில்லை, அது அட்டவணை. ‘த க்ளினிக் க்ளோசஸ் அட் சிக்ஸ்.’

ஒரே பல், நான்கு எதிர்காலம். இதைக் கட்டம் போட்டுக் காட்ட முடியாது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடித்துத்தான் காட்ட வேண்டும். நான் காட்டுகிறேன், சிரிக்கிறார்கள், மறப்பதில்லை.

ஷல் செத்துவிட்டதா?
— போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்

‘ஐ’, ‘வீ’ வந்தால் ஷல், மற்றவற்றுக்கு வில் என்ற விதியைக் கேட்கிறீர்கள். 1653இல் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் அந்த விதி இருக்கிறது. முடிவிலிக்குப் படுத்த எட்டுப் போன்ற குறியைத் தந்த அதே கணித மேதை. அவருடைய குறி எல்லா இடத்திலும் வாழ்கிறது. அவருடைய விதியைப் பேச்சில் இன்று அதிகம் பேர் கடைப்பிடிப்பதில்லை. இந்த விதியை வைத்துப் பழைய வேடிக்கைக் கதை ஒன்று உண்டு. ஆற்றில் விழுந்த வெளியூர்க்காரர் ‘ஐ வில் ட்ரவுன், நோபடி ஷல் சேவ் மீ’ என்று கத்தினாராம். விதிப்படி அதற்கு ‘மூழ்கியே தீருவேன், யாரும் காப்பாற்றக் கூடாது’ என்று பொருள். கரையில் நின்ற இலக்கணக்காரர்கள் அவர் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்து நின்றுவிட்டார்களாம்.

ஆனால் கேள்வியில் ஷல் நன்றாக உயிரோடு இருக்கிறது. அதைக் கற்பிக்கத் தமிழைவிட நல்ல துணை இல்லை. ‘திறக்கட்டுமா?’ என்றால் ‘ஷல் ஐ ஓப்பன் இட்?’ ‘போகலாமா?’ என்றால் ‘ஷல் வீ கோ?’ தமிழில் ‘-அட்டுமா’, ‘-லாமா’ என்று வாய் போகிற இடத்தில் ஷல் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் பாடம்.

தமிழில் எதிர்காலம் ஒன்றுதானே? செய்வேன், செய்வாய், செய்வான். அந்த ஒற்றை வடிவத்தில் பழகிய நம்மவர்களுக்கு ஆங்கிலத்தின் இத்தனை வடிவங்களும் எப்படிப் புரியும்?
— புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியை

முதலில் ஒரு சின்னத் தலைகீழ்ச் செய்தி. எதிர்காலத்துக்கென்று வினைச்சொல்லிலேயே தனி உருவம் வைத்திருப்பது நாம்தான். ஆங்கில வினைக்கு அது கிடையாது. இறந்தகாலத்துக்கு உருமாறும், நிகழ்காலத்துக்கு உருமாறும், அத்தோடு சரி. மிச்சமெல்லாம் கடன். வில் என்பது பழைய ஆங்கிலத்தில் ‘விரும்பு’ என்ற வினை. ஷல் என்பது ‘கடன்பட்டிரு’ என்ற வினை. 2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் ஆங்கிலத்தில் எதிர்காலம் என்று ஒரு காலமே இல்லை என்று எழுதிவிட்டது. எல்லா ஆசிரியர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கு அதில் சண்டை இல்லை. இல்லாத ஒன்றுக்கு நான்கு கட்டம் போட்டு வைத்திருந்தேனே என்ற வெட்கம் மட்டும் உண்டு.

இனி உங்கள் கேள்வி. தமிழன் வாயில் எதிர்காலம் ‘செய்வேன்’ ஒன்றோடு நிற்கிறதா? ஒரு நாள் முழுக்கக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ‘நாளைக்கு வருகிறேன்’ என்போம், நிகழ்காலத்தில். ‘வேலையை விடப்போகிறேன்’ என்போம். அது அப்படியே ‘ஐம் கோயிங் டு’. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள், இரண்டும் ‘போ’ என்ற வினையையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ‘ஆறு மணிக்கு ரயில்’ என்போம், வினையே இல்லாமல். எல்லாவற்றையும் மிஞ்சுவது ஒன்று உண்டு: சாப்பிடக் கூப்பிட்டால், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமலே ‘இதோ வந்துவிட்டேன்’ என்போம், இறந்தகாலத்தில்! இதைப் பவணந்தி முனிவர் நன்னூலில் எழுதியே வைத்திருக்கிறார். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் மூன்று காலமும் இடம் மாறி வரலாம் என்று. ‘இதோ வந்துவிட்டேன்’ விரைவு. ஆங்கிலேயன் அதே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்துகொண்டு ‘கமிங்!’ என்பான்.

ஆகவே உங்கள் மாணவருக்கு இந்த வேறுபாடுகள் புதியவை அல்ல. பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாயில் இருப்பவை. நீங்கள் செய்ய வேண்டியது, அவருடைய தமிழ் வாக்கியத்தை முதலில் சொல்லச் சொல்வது. ‘செய்வேன்’ என்றாரா, ‘செய்கிறேன்’ என்றாரா, ‘செய்யப்போகிறேன்’ என்றாரா என்று கேளுங்கள். பிறகு எங்கே இரண்டு மொழியும் ஒத்துப்போகின்றன, எங்கே முட்டுகின்றன என்று காட்டுங்கள். ‘-ப்போகிறேன்’ ஒத்துப்போகும் இடம். அங்கேதான் தொடங்க வேண்டும். வில்லை முதல் நாளே எடுக்காதீர்கள்.

முட்டுகிற இடம் ‘-கிறேன்’. ‘நாளைக்கு அவரைப் பார்க்கிறேன்’ என்பது நேரம் குறித்த ஏற்பாடு என்றால் ‘ஐம் சீயிங் ஹிம் டுமாரோ’ சரி. ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்பது ஏற்பாடு இல்லை, வாக்கு. அதை ‘ஐம் டெல்லிங் யூ டுமாரோ’ என்றால் கேட்கிறவர் விழிப்பார். ‘ஐல் டெல் யூ டுமாரோ’ என்றாக வேண்டும். ‘-கிறேன்’ வருகிற இடமெல்லாம் நின்று, ‘ஏற்பாடா, வாக்கா?’ என்று கேட்கப் பழக்குங்கள். என் மாணவர்கள் செய்கிற பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு திருப்பத்தில்தான் நடக்கிறது.

‘வென் ஹீ வில் கம், ஐ வில் டெல் ஹிம்’ என்று எழுதினால் மகளுடைய ஆசிரியர் வில்லை அடித்துவிடுகிறார். எதிர்காலம்தானே, ஏன் வரக் கூடாது என்று மகள் கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை.
— ஒரு தாய்

உங்கள் மகளிடம் முதலில் ‘மழை பெய்தால்’ என்று சொல்லச் சொல்லுங்கள். நாளைக்குப் பெய்யப்போகிற மழைதான். ஆனால் ‘பெய்தால்’ என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? ‘பெய்து’, ‘பெய்த’ என்பவற்றோடு நிற்கிற சொல் அது. ‘பெய்வால்’ என்று பிறந்த குழந்தைகூடச் சொல்லாது. ஆங்கிலமும் அதே கட்சி: ‘இஃப் இட் ரெயின்ஸ்’. எதிர்காலத்தை முக்கிய வாக்கியம் சுமந்துகொள்கிறது, தொங்கும் வாக்கியம் கையை வீசிக்கொண்டு வருகிறது. அதனால் ‘இஃப்’பில் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதில்லை.

‘வென்’னில் தடுமாறுகிறார்கள். காரணம் ‘வரும்போது’. அந்த ‘வரும்’ எதிர்காலத்தின் சட்டையைப் போட்டிருக்கிறது. உடனே வில் வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘வரும்போது’ என்பதை ‘வந்ததும்’ என்று மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். ‘அவர் வந்ததும் சொல்வேன்’. இப்போது வில் ஒட்ட இடம் இல்லை. ‘வென் ஹீ கம்ஸ், ஐல் டெல் ஹிம்.’

கெட்டிக்காரப் பெண்ணாக இருந்தால் அடுத்த வாரமே, ‘ஐ டோன்ட் நோ வென் ஹீ வில் கம் என்று புத்தகத்தில் இருக்கிறதே, அங்கே மட்டும் எப்படி?’ என்று வந்து நிற்பாள். அதற்கும் தமிழே பதில் சொல்லும். ‘அவர் எப்போது வருவார் என்று தெரியவில்லை.’ இங்கே இருப்பது ‘வந்ததும்’ இல்லை, ‘எப்போது’. அது ஒளித்து வைத்த கேள்வி. தமிழில் ‘எப்போது’ வந்தால் வில் வரலாம். ‘-ஆல்’, ‘-போது’, ‘-ததும்’, ‘பிறகு’ வந்தால் வில் வேண்டாம். இந்தச் சோதனையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வகுப்பில் ஒரு பெண் தானாகவே கண்டுபிடித்துச் சொன்னது. இருபது வருடமாக அவளுடையதைத்தான் நான் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து என்பதற்கு ‘ஆஃப்டர் டூ டேஸ்’ சரியா?
— ஓர் அலுவலக ஊழியர்

‘இன் டூ டேஸ்.’ இன்றிலிருந்து எண்ணினால் ‘இன்’. கதையில், எப்போதோ நடந்ததிலிருந்து எண்ணினால் ‘ஆஃப்டர்’ வரும். திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்றால் ‘பை மன்டே’. திங்கள்வரை இருப்பேன் என்றால் ‘டில் மன்டே’. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, வேலை முடியவில்லையே என்று திட்டு வாங்கியவர்கள் என் வகுப்பிலேயே உண்டு.

பள்ளிக் கட்டுரையில் ஒரு மாணவன் ‘இன் மை சைல்ட்ஹுட் ஐ வில் க்ளைம்ப் ட்ரீஸ்’ என்று எழுதியிருக்கிறான். இறந்தகாலத்துக்கு வில் போடுகிற அளவுக்கு இவனுக்கு என்ன குழப்பம்?
— பள்ளி ஆசிரியர்

குழப்பமே இல்லை, நல்ல தமிழ். ‘சின்ன வயதில் மரம் ஏறுவேன்’, ‘தாத்தா கதை சொல்வார்’, ‘அந்தக் காலத்தில் நடந்தே போவோம்’. வழக்கமாக நடந்ததைச் சொல்ல நாம் எதிர்காலத்தைத்தான் எடுக்கிறோம். ‘அவர் தினமும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார்’ என்பதில் நாளையும் இல்லை, நேற்றும் இல்லை, பழக்கம்தான் இருக்கிறது. பையன் அதை நேர்மையாகப் பெயர்த்திருக்கிறான். சிவப்பு மையை எடுக்குமுன் அவனை ஒரு தட்டுத் தட்டிக்கொடுங்கள்.

பிறகு சொல்லுங்கள்: ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது, ஒரு படி பின்னால் நின்று. வில்லுக்கு இறந்தகாலம் வுட். ‘ஐ வுட் க்ளைம்ப் ட்ரீஸ்.’ அல்லது ‘ஐ யூஸ்ட் டு க்ளைம்ப் ட்ரீஸ்.’ ‘ஏறுவேன்’ என்பதன் நியாயம் ‘வுட்’டுக்குள் அப்படியே இருக்கிறது. நான் பார்த்தவரை, தவறு என்று மட்டும் சொன்னால் அடுத்த கட்டுரையில் அதே தவறு திரும்ப வரும். ஏன் வந்தது என்று சொன்னால் பெரும்பாலும் போய்விடுகிறது.

வானிலையைப் பற்றிச் சொல்லும்போது ‘இட் வில் ரெயின்’ என்பதா, ‘இட்ஸ் கோயிங் டு ரெயின்’ என்பதா?
— கல்லூரி மாணவி

மேகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டீர்களா? கோயிங் டு. பார்க்கவில்லை, உங்கள் கணிப்பு மட்டும்தானா? வில், கூடவே ‘ஐ திங்க்’ அல்லது ‘ப்ராபப்லி’. ஏணி சாய்கிறது, மேலே ஒருவர் நிற்கிறார் என்றால் ‘ஹீஸ் கோயிங் டு ஃபால்’. அந்த நேரத்தில் ‘ஹீ வில் ஃபால்’ என்பவர் ஜோசியம் சொல்கிறார். நம் இலக்கண உரைகாரர்கள் இன்னும் துணிச்சலானவர்கள். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் ‘மழை பெய்தது’ என்றே சொல்லலாம் என்று உதாரணம் காட்டுகிறார்கள். சான்று கண்ணில் பட்டுவிட்டதாம், அந்தத் தெளிவில் இறந்தகாலமாம். பாவம், ஆங்கிலத்துக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

வருவாரோ மாட்டாரோ என்ற சந்தேகம் என்றால் இரண்டுமே வேண்டாம். ‘வரலாம்’ என்றால் ‘ஹீ மே கம்’. ‘வந்தாலும் வருவார்’ என்றால் ‘ஹீ மைட் கம்’.

நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இலக்கணம் எல்லாம் சரியாக இருந்தும் எங்கள் பிள்ளைகள் பேசினால் முரட்டுத்தனமாகத் தெரிகிறது என்கிறார்கள். ஏன்?
— பயிற்சியாளர்

காதைக் கொண்டுவந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. எல்லோரும் பேனாவைத்தான் கொண்டுவருகிறார்கள்.

முதல் காரணம், சுருக்காத வில். ‘ஐல் டூ இட்’ என்றால் ‘செய்கிறேன்’. ‘ஐ வில் டூ இட்’ என்று வில்லை அழுத்திச் சொன்னால் ‘செய்துதான் தீருவேன்’. மேலதிகாரி ‘கொஞ்சம் இந்தக் கோப்பைப் பாருங்கள்’ என்கிறார். உங்கள் பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி ‘ஐ வில் டூ இட்’ என்கிறான். அவன் பணிவாகத்தான் சொன்னான். அவர் காதில் சபதமாக விழுகிறது. நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் லேசாக வைத்து நிறுத்தினால் ‘ஐல்’ வந்துவிடும். பத்து நாள் பயிற்சி.

இரண்டாவது காரணம் ஆளையே கவிழ்க்கக்கூடியது. ஒரு முறை ஒத்திகை நேர்முகம் நடத்தினேன். நான் மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. எதிரே ஓர் இளைஞன், புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல். ‘வார இறுதியிலும் வேலை இருக்குமே, சம்மதமா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். முகமெல்லாம் மலர்ந்து, தலையை ஆட்டிக்கொண்டு, ‘யெஸ் சார், ஐ வோன்ட் வொர்க்’ என்றான். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. தலை ஆமாம் என்கிறது, வாய் மாட்டேன் என்கிறது. அவன் சொல்ல நினைத்தது ‘வான்ட்’, வேலை வேண்டும் என்று. வந்தது ‘வோன்ட்’, வேலை செய்ய மாட்டேன் என்று. நானாக இருந்ததால் பிழைத்தான்.

‘வான்ட்’ என்னும்போது தாடை இறங்கும், வாய் திறந்தபடியே நிற்கும். ‘வோன்ட்’ என்னும்போது ‘ஓ’வில் தொடங்கி உதடு ‘உ’வுக்குக் குவிந்துகொண்டே போகும். சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். உதடு குவிவதைக் கண் பார்த்துவிட்டால் காது பின்னாலேயே வந்துவிடும். அந்த இளைஞனுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. என் கைக்கடிகாரத்தின் பின்பக்கத்தைக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தேன். கூடவே ‘வான்ட் டு வொர்க்’ என்று அந்த ‘டு’வையும் சேர்த்துக்கொடுத்தேன். நாக்கு தவறினாலும் அது காப்பாற்றும்.

மரியாதைக்காக ‘ஐ வுட் பி கமிங் டுமாரோ’ என்று எழுதுகிறேன். சரிதானே?
— மின்னஞ்சல் எழுதுகிறவர்

இல்லை. படிக்கிறவர் அடுத்து ஒரு ‘ஆனால்’ வரும் என்று காத்திருப்பார். ‘வந்திருப்பேன், ஆனால்...’ என்பது போல. ‘ஐல் பி கமிங் டுமாரோ’ போதும், மரியாதை குறையாது. உண்மையான மரியாதை கேள்வியில் இருக்கிறது. ‘வில் யூ பி யூசிங் த கம்ப்யூட்டர்?’ என்று கேட்டால், ‘நீங்கள் எப்படியும் உபயோகிக்கப்போகிறீர்களா, இல்லையென்றால் நான் எடுத்துக்கொள்வேன்’ என்கிற தயக்கம் அதில் இருக்கும்.

வகுப்பில் எல்லோரும் பெரியவர்கள். இலக்கணப் பயிற்சி எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள், வாயைத் திறக்க மறுக்கிறார்கள். எதிர்காலத்தைப் பேசவைக்க ஒரு வழி சொல்லுங்கள்.
— மாலை வகுப்பு ஆசிரியை

என் இனம் நீங்கள். முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். ஜோசியம் பார்க்கிற விளையாட்டு என்று ஒன்று பல பாடநூல்களில் இருக்கிறது. ஒருவர் கையை மற்றவர் பார்த்து ‘யூ வில்’ என்று தொடங்கிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குச் சரி. நான் பெரியவர்களிடம் வைத்தேன். ஒருவர் வேடிக்கையாக, ‘யூ வில் லூஸ் யுவர் ஜாப்’ என்றார். கை நீட்டியிருந்தவருக்கு அந்த வாரம்தான் வேலை போயிருந்தது. கையை மடக்கிக்கொண்டார். அதோடு விட்டேன்.

இப்போது செய்வது இது. ஆளுக்கு ஒரு தாள், ஏழு நாள், ஒவ்வொரு நாளுக்கும் காலை, மாலை. அவரவர் சொந்த வாரத்தை நிரப்பச் சொல்வேன், கற்பனை கூடாது. பிறகு இரண்டிரண்டு பேராக, தாளைக் காட்டாமல் பேசி, இருவருக்கும் ஒழிவாக உள்ள ஒரு வேளையைக் கண்டுபிடித்துச் சந்திப்பு வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஆர் யூ டூயிங் எனிதிங் ஆன் டியூஸ்டே?’ ‘ஐம் டேக்கிங் மை சன் டு த டென்டிஸ்ட்.’ குறைந்தது இரண்டு வேளையாவது மறுத்தாக வேண்டும் என்பது ஒரே விதி. மறுக்கும்போதுதான் மொழி பிறக்கிறது. ‘சரி’ என்று சொல்ல ஒரு சொல் போதும். ‘முடியாது’ என்று சொல்லக் காரணம் வேண்டும், காரணத்துக்கு வாக்கியம் வேண்டும்.

ஒரு வகுப்பில் ஓர் அம்மா ஏழு நாளுக்கும் ஒரே சொல்லை எழுதியிருந்தார்: நைட். இரவுப் பணி. காலையில் தூக்கம், மாலையில் இந்த வகுப்பு. அவருக்கு இணையாக வாய்த்தவர் ஒவ்வொரு வேளையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ‘ஐம் வொர்க்கிங்.’ ‘ஐம் ஸ்லீப்பிங்.’ ‘ஐம் வொர்க்கிங்.’ ‘ஐம் ஸ்லீப்பிங்.’ வகுப்பே இவர்களைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. கடைசியில் அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, ‘ஓகே, ஐல் கம் ஃபிஃப்டீன் மினிட்ஸ் அர்லி’ என்றார். அந்த நொடியில் எடுத்த முடிவு, அந்த நொடிக்குரிய வில், சுருக்கியும் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு நான் சாவியோடு வந்தபோது இருவரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கென்ன.

‘வில் ஹேவ் டன்’ என்பதெல்லாம் யாருக்காவது பயன்படுகிறதா?
— சலித்துப்போன ஒரு மாணவர்

‘இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்’ என்று நீங்கள் வாரத்துக்கு எத்தனை முறை சொல்கிறீர்கள்? ‘ஹீல் ஹேவ் காட் ஹோம் பை நவ்.’ எதிர்காலமே இல்லை, இன்றைய ஊகம். தமிழிலும் அப்படித்தான், ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘பை ஜூன் ஐல் ஹேவ் ஃபினிஷ்ட்’ என்பதை அதற்குப் பிறகு படியுங்கள். அவசரம் இல்லை.

அடுத்த இதழில் ப்ரெபொசிஷன் பற்றி எழுதுவீர்களா?
— பலர்

‘வில் யூ ரைட்’ என்று கேட்கிறீர்களா, ‘ஆர் யூ கோயிங் டு ரைட்’ என்று கேட்கிறீர்களா? முதலாவது வேண்டுகோள், இரண்டாவது விசாரணை. வேண்டுகோள் என்றால், ‘ஐல் ரைட்’. பத்திரிகை ஆசிரியரிடம் இன்னும் பேசவில்லை. அவர் பக்கம் ஒதுக்கினால் ‘ஐம் ரைட்டிங்’ என்று மாற்றிக்கொள்கிறேன்.